கவுன்சிலர் இல்லாத நகரம்

2020 ஜூன் முதல் வாரத்தில், சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களையும் தமிழக அரசு ஐந்து அமைச்சர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆளுக்கு மூன்று மண்டலம். ஐவரில் சென்னைத் தொகுதியில் ஜெயித்தவர் ராயபுரம் டி. ஜெயக்குமார் ஒருவர்தான். மற்றவர்களின் தொகுதிகள் நன்னிலம், திருமங்கலம், கரூர், பாலக்கோடு. கொரோனா ஒழிப்பை மேற்பார்வையிட ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் ஏற்கெனவே களத்தில் இருந்தார்கள். மாநகராட்சி ஆணையராக கோ. பிரகாஷ் இருந்தார், ஒருங்கிணைக்கும் சிறப்பு அலுவலராக மே முதல் ஜெ. ராதாகிருஷ்ணனும் வந்திருந்தார். அதிகாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வியாசர்பாடியின் எந்தச் சந்தில் தனியாக ஒரு மூதாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து படுத்திருக்கிறார் என்பது கரூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் வார்டு கவுன்சிலர். சென்னையில் 200 வார்டுகள் உண்டு. 2020-இல் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை.

மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு தொடர்பாக தி.மு.க. தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் தேதி ரத்து செய்தது. டிசம்பருக்குள் தேர்தலை முடியுங்கள் என்றும் சொன்னது. முடியவில்லை. வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போய், நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-யு (243U) பிரிவு. அந்த ஐந்தாண்டையும் தாண்டித் தனி அலுவலர்களே மன்றமாக இருந்து ஆண்டார்கள். பெருந்தொற்றின் இரண்டு பெரிய அலைகளும் அந்த இடைவெளியில்தான் வந்து போயின.

சென்னைக்கு இது புதிதுமில்லை. 1688-இல் தொடங்கிய இந்த மாநகராட்சியின் மன்றம், மஸ்டர் ரோல் ஊழலையடுத்து 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்; மு.க. ஸ்டாலின் மேயரானார். ஆக, 1973-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட 47 ஆண்டுகளில் நகரத்துக்கு மன்றம் இருந்தது 20 ஆண்டுகள் மட்டுமே. மக்கள் பிரதிநிதி இல்லாமல் ஆள்வது இங்கே பழகிப்போன விஷயம். பழகியதால்தான் 2020-இல் அந்தக் குறை பெரிதாக யார் கண்ணையும் உறுத்தவில்லை.

மாநகராட்சியின் கையில் அப்போது என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்திடம். குடிசைப் பகுதிகள் 1970 முதல் குடிசை மாற்று வாரியத்திடம். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் மாநில அரசிடம். கோயம்பேடு சந்தை பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். மாநகராட்சிக்கு மிஞ்சியது தெரு, குப்பை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், அம்மா உணவகம், சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவேடு. தொற்று வந்ததும் முழுப் பாரமும் இறங்கியது இந்த மிச்சத்தின் மேல்தான்.

கோயம்பேட்டை எடுத்துக்கொள்வோம். 1996-இல் திறக்கப்பட்ட சந்தை. காய், கனி, பூ என மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 2020 ஏப்ரல் மாதமே வியாபாரத்தைப் பிரித்து வேறிடங்களுக்குக் கொண்டுபோகப் பேச்சு நடந்தது. வியாபாரிகள் இணங்கவில்லை என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பின்னால் சொன்னார். இதற்கிடையே ஏப்ரல் 24-இல் ஓர் அறிவிப்பு: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது. நடுவில் மிஞ்சியது ஒரே நாள். 25-ஆம் தேதி ஊரே கடைத்தெருவில் நின்றது. கோயம்பேட்டில் தோளோடு தோள் உரசும் கூட்டம். காய்கறி வண்டிகள் தெருவுக்கு வரும் என்று அரசு சொல்லித்தான் இருந்தது. அதை நம்பி வீட்டில் உட்கார மக்கள் தயாராக இல்லை. மே 5-இல் சந்தையை மூடுவதற்குள் தொற்று சுமை தூக்குவோரோடும் லாரிகளோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கும் பழ வியாபாரம் மாதவரத்துக்கும் போயின.

இந்தக் கதையை வழக்கமாக வியாபாரிகளின் பிடிவாதமாகவோ மக்களின் பொறுப்பின்மையாகவோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நான்கு நாள் ஊரடங்கை ஒரு நாள் அவகாசத்தில் அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்டு மேலே சொல்ல ஓர் ஆள் அந்த அமைப்புக்குள் இருந்தாரா என்பதே கேள்வி. உத்தரவு மேலிருந்து இறங்கப் பல படிகள் இருந்தன. பதில் மேலேறப் படி இல்லை.

இனி வாசலுக்கு வருவோம். மாநகராட்சி செய்ததிலேயே பெரிய காரியம் அங்கேதான் நடந்தது. 2020 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: காலை பத்து மணி வாக்கில் கேட்டைத் தட்டும் சத்தம். முகக்கவசமும் தொப்பியும் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் நிற்பார். கையில் நெற்றிச் சூடு பார்க்கும் கருவி, மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு நோட்டு. “எத்தனை பேருங்க வீட்டில? யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி?” நேற்றும் கேட்டார், நாளையும் கேட்பார். இவர்களில் அங்கன்வாடி ஊழியர்கள் இருந்தார்கள், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், வேலை போன இளைஞர்களும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்ட இந்தப் படை தினமும் நகரத்து வாசல்களில் ஏறி இறங்கியது. காய்ச்சல் என்று சொன்னவர்களைத் தெருமுனை முகாமுக்கு அனுப்பி அங்கேயே சளி மாதிரி எடுத்தார்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முகாம்கள். ஆள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி தெருவுக்கு வந்தது. விரைவு ஆன்டிஜன் சோதனையை நம்பாமல் ஆர்.டி.பி.சி.ஆர். மட்டுமே என்று தமிழகம் நின்றதும் இதற்குத் துணை. ஜூன் கடைசியில் நாளுக்கு 2,000-ஐத் தாண்டியிருந்த சென்னையின் தொற்று ஜூலையில் இறங்கத் தொடங்கியதற்கு இந்த நடையாய் நடந்த வேலைக்கும் பெரும் பங்கு உண்டு. ஜூன் 19-இல் தொடங்கிய கடும் ஊரடங்கை மட்டும் காரணமாகச் சொல்வது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஜூன் மாதம் இன்னொரு தன்னார்வலர் படையும் வந்தது; ஃபோகஸ் என்று பெயர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு மளிகை, மருந்து, பால் வாங்கிக் கொடுப்பதும் அந்த வீட்டார் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் இவர்கள் வேலை. ஒரே ஆளிடம் உதவியும் காவலும்! மாத்திரை வாங்கி வரும் பையனே ‘இவர் வெளியே போனார்’ என்று எழுதி அனுப்பவும் வேண்டும். நோயாளி அவனிடம் எதைச் சொல்வார், எதை மறைப்பார்? இந்த முரண்பாட்டைத் தெருவில் அந்தப் பிள்ளைகள்தான் தங்கள் சாமர்த்தியத்தால் சமாளித்தார்கள். அவர்களில் பலர் அதே பகுதிக்காரர்கள். அதனால்தான் சமாளிக்க முடிந்தது.

மறைக்கக் காரணமும் இருந்தது. தகர ஷீட். தொற்று கண்ட வீட்டு வாசலை, சில இடங்களில் தெருவையே, தகரம் அடித்து மூடினார்கள். வாசலில் ஸ்டிக்கர்: இது தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர்கள். தகரம் வந்தால் பால்காரர் நிற்கமாட்டார், வீட்டு வேலை செய்பவருக்கு வேலை போகும், வாடகை வீடாக இருந்தால் காலி செய்யச் சொல்வார்கள். காய்ச்சல் கேட்டு வந்த பெண்ணிடம் “யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க” என்று சொன்ன வீடுகள் எத்தனையோ. ஒரு கை காய்ச்சலைச் சொல்லச் சொல்லிக் கேட்டது. மறு கை சொன்னவர் வீட்டில் தகரம் அடித்தது. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உத்தரவிட்டால் ஒழிய நோயாளிகளின் வீடுகளில் இப்படிச் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 9-இல். அதற்குள் முதல் அலையே ஓய்ந்துவிட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. டெல்லியில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டிலிருந்து திரும்பியவர்களின் எண்ணிக்கையை மாநில அரசின் தினசரி அறிக்கை தனியாகப் பிரித்துச் சொல்லிவந்தது. பிறகு ‘ஒரே தொற்று மூலம்’ என்று சொல்லை மாற்றினார்கள். சொல் மாறியதே தவிர, தெருவில் முஸ்லிம் வியாபாரியைப் பார்த்து ஒதுங்கியவர்கள் மாறவில்லை. அரசு தரும் தகவல் எப்படிக் காதில் விழும் என்று யோசிக்காமல் தரப்பட்டால் அதுவும் ஒரு தகர ஷீட்தான்.

ஏப்ரல் 19 இரவு நடந்ததைச் சென்னை எளிதில் மறக்காது. தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. முதலில் கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு. பிறகு வேலங்காட்டில் கல்லும் கட்டையுமாகத் தாக்குதல். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்கள் காயப்பட்டார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவர் இரண்டொருவர் துணையோடு தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். புதைத்த உடலிலிருந்து காற்றில் கிருமி பரவும் என்று ஒரு வதந்தி. அப்படிப் பரவாது என்று சுகாதாரத் துறை சொல்லியிருந்தது; அறிக்கை பத்திரிகையில் வந்தது, கூட்டம் தெருவில் நின்றது. சில நாட்களில் 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது: அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தேவையான சட்டம்தான். ஆனால் அன்று இரவு அந்தக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “டேய், வீட்டுக்குப் போ” என்று அதட்டக்கூடிய ஓர் ஆளைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. பிறகான மாதங்களில் த.மு.மு.க. போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், சொந்தக்காரர்களே அருகில் வராத உடல்களை மதம் பாராமல், அவரவர் சடங்குப்படி அடக்கம் செய்தார்கள். வதந்தியை அடக்கியதில் அந்தக் காட்சிகளுக்கு இருந்த பலம் எந்த அறிக்கைக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நிவாரணத்திலும் இதே இழுபறி. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், டோக்கன் வீட்டுக்கே வரும் என்ற ஏற்பாடு நன்றாகவே நடந்தது. தமிழகத்தின் ரேஷன் கடைகள் இப்படியான நேரத்துக்கென்றே பல பத்தாண்டுகளாகக் கட்டி வைத்த அமைப்பு. 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகம், ஊரே அடைத்துக் கிடந்த நாட்களில் சுமார் 400 இடங்களில் அடுப்பை அணைக்கவில்லை, விலையில்லாமலும் போட்டது. அட்டை உள்ளவருக்குப் பணம், பக்கத்தில் உணவகம் உள்ளவருக்குச் சோறு. இரண்டும் இல்லாதவர்? கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் எந்த வார்டின் கணக்கிலும் வரவில்லை. மே தொடக்கத்தில் பல்லாவரம், கிண்டிப் பக்கம் அவர்கள் சாலைக்கு வந்தபோதுதான் அவர்கள் எத்தனை பேர் என்பதே நகரத்துக்கு உறைத்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தன்னார்வலர்கள், கட்சிக்காரர்கள், கோயில், பள்ளிவாசல், சர்ச். ஏப்ரல் 12-இல் அரசு அவர்களுக்கும் கடிவாளம் போட்டது: நேரடியாக யாரும் பொருள் கொடுக்கக்கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூட்டம் கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்க்கட்சிகளுக்கு நல்ல பெயர் போய்விடும் என்பது ஊர் பேசிய காரணம். வழக்கு போனது. முன்கூட்டியே தகவல் கொடுத்து, சில ஆட்களோடு, இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் சில நாட்களில் வழிவிட்டது. சோறு கொடுப்பதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சரி, கவுன்சிலர்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இதைக் கேட்காமல் விட்டால் ஆய்வு வெறும் ஏக்கமாகிவிடும். சென்னைவாசிக்குக் கவுன்சிலர் என்றால் வீடு கட்டச் செங்கல் இறக்கிய மறுநாள் வந்து நிற்பவர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது 200 கவுன்சிலர்களும் பதவியில்தான் இருந்தார்கள். அன்று படகில் வந்தவர்கள் மீனவர்கள், தெருவில் இறங்கியவர்கள் இளைஞர்கள். கவுன்சிலர்களை எங்கே என்று மக்கள் கேட்டார்கள். நிவாரணப் பொட்டலத்தில் அன்றைய முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர்தான் வந்து சேர்ந்தது. மும்பையைப் பாருங்கள். 2020-இல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. ஆனாலும் படுக்கைகளைப் பங்கிட 24 வார்டுகளிலும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை அமைத்தது ஆணையரின் நிர்வாகம். தாராவியில் ஏப்ரல் 1-இல் முதல் தொற்று. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர், நெல்லைப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களும் அதில் ஏராளம். அங்கே கைகொடுத்தது அந்தத் தெருக்களிலேயே பல ஆண்டுகளாக ஊசி போட்டுக்கொண்டிருந்த தனியார் மருத்துவர்களை மாநகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டதுதான். அந்த டாக்டர் கதவைத் தட்டினால் கதவு திறந்தது.

ஆகவே தேர்தல் நடந்துவிட்டால் போதும் என்று சொல்ல நான் தயாராக இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பணமும் வேலையும் இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. சென்னைக்கு மேயர் திரும்பி வந்த அதே 1996-இல், கேரளம் மக்கள் திட்டம் என்று தொடங்கி மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. 1998-இல் பெண்கள் குழுக்களுக்கான குடும்பஶ்ரீ. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாய சமையலறைகள் அங்கே எரியத் தொடங்கின என்றால், அது அந்த வாரம் போட்ட உத்தரவின் சாதனை இல்லை. சமைக்கப் பெண்கள் குழு இருந்தது, இடம் கொடுக்கப் பஞ்சாயத்து இருந்தது, யாருக்குச் சோறு வேண்டும் என்று வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருந்தது, செலவு செய்யப் பணமும் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் 2021-இல் நாட்டிலேயே அதிகத் தொற்று கேரளத்தில் பதிவான மாதங்கள் உண்டு. உள்ளாட்சி வலுவாக இருந்தால் கிருமி வராது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. கிருமி வந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆள் இருப்பார், அவ்வளவுதான்.

தமிழகத்துக் கிராமங்களில் நிலைமை வேறு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6-இல் புதிய தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். இரண்டு மாதத்தில் கொரோனா வந்துவிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், நெல்லை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் இல்லை. அங்கே தனி அலுவலர் ஆட்சி 2021 அக்டோபர் வரை நீடித்தது. தலைவர் உள்ள மாவட்டம், இல்லாத மாவட்டம் என்று எண்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றும். அது சரியான ஒப்பீடாகாது. செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் சென்னையை ஒட்டியவை, தொற்று அங்கே தானாகவே கூடும்.

எண்ணை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பிளீச்சிங் பவுடர் தெளிப்பது, ஊர் திரும்பியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது, ஊருக்குள் வரும் பாதையில் மரக்கிளையும் முள்ளும் வெட்டிப் போட்ட இளைஞர்களிடம் பேசி ஆம்புலன்ஸுக்கு வழி வாங்குவது எல்லாம் தலைவரும் ஊராட்சி செயலரும் தூய்மைக் காவலர்களும் பார்த்த வேலை. ஆனால் ஊரைக் கூட்டிக் கேட்கும் ஒரே சட்டப்பூர்வ மேடையான கிராம சபையை, தொற்று வந்தபின் 2020 முடியும்வரை அரசு கூடவிடவில்லை. மே 1 போனது, ஆகஸ்ட் 15 போனது, அக்டோபர் 2-க்கு அறிவித்துவிட்டு முந்தின நாள் ரத்து. அதே ஆண்டு மே 7-இல் டாஸ்மாக் திறந்தது, நீதிமன்றம் மூடியது, உச்ச நீதிமன்றம் போய் 16-இல் மறுபடி திறந்தது. எந்தக் கூட்டம் தொற்றைப் பரப்பும், எது பரப்பாது என்பதில் அரசுக்கு ஒரு தெளிவு இருந்திருக்கிறது!

தலைவர் பதவி கிடைத்தவுடன் ஊர் மதித்துவிடும் என்பதும் கிடையாது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானது 2020 அக்டோபரில். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் அந்த ஆகஸ்ட் 15-க்குத் தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. தரையில் உட்காரவைக்கப்பட்டவர் ‘முகக்கவசம் போடுங்கள்’ என்று சொன்னால் எந்தத் தெரு கேட்கும்? வழிகாட்டுதலுக்குக் கட்டுப்படுவது சொல்பவரின் பதவியை மட்டும் பொறுத்ததில்லை. சாதி அதில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சென்னைக்குத் திரும்பினால், மாநகராட்சியின் பழைய காகிதமொன்று 2020 ஜூன் மாதத்தில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். இறப்புகளைப் பதிவது உள்ளாட்சியின் வேலை, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் கொரோனா என்று குறித்த பெயர்களில் 200-க்கும் மேல் மாநில சுகாதாரத் துறையின் பட்டியலில் காணவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. குழு அமைத்தார்கள். ஜூலை 22-இல் 444 இறப்புகள் கணக்கில் சேர்ந்தன. இந்தப் பிழை வெளிவந்ததற்குக் காரணம், ஒரே சாவு இரண்டு அலுவலகங்களில் தனித்தனியாக எழுதப்பட்டதுதான். இரண்டாவது நோட்டு ஒன்று இல்லாதிருந்தால் அந்த 444 பேர் கணக்கில் வராமலே போயிருப்பார்கள். மேலிடத்துக்குக் கட்டுப்படாமல் தன் கணக்கைத் தானே எழுதும் ஓர் அமைப்பு கீழே இருப்பதன் பயன் இது. கவுன்சிலர் என்பவரும் ஒருவகையில் அப்படியான இரண்டாவது நோட்டு.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தபோது காய்ச்சல் கணக்கெடுப்புக்கு மறுபடியும் ஆள் திரட்ட வேண்டியிருந்தது. முதல் அலையில் தெருத் தெருவாக அலைந்து தெரிந்துகொண்டதெல்லாம் அந்தப் பெண்களின் தலையிலும் கிழிந்த நோட்டிலும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களோடு அதுவும் போயிற்று.

பிறகு தேர்தல் வந்தது. 2022 மார்ச் 4-இல் பிரியா ராஜன் மேயரானார். 200 கவுன்சிலர்களும் வந்தார்கள். அதே ஆண்டு வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு பிரதிநிதியோடு கூட்டம் நடத்தலாம் என்றார்கள். நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் அப்போது முதலமைச்சராகியிருந்த மு.க. ஸ்டாலினே உட்கார்ந்தார். 74-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து 29 ஆண்டுகள் கழித்து நகரத்துக்குக் கிடைத்தது இது. நாளை இன்னொரு தொற்று வந்தால் கவுன்சிலருக்கும் பகுதி சபைக்கும் என்ன வேலை, எவ்வளவு பணம், யாருடைய பட்டியல் அவர் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பெருந்தொற்றுக்கான அதிகாரம் இன்றும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழியே ஆட்சியரிடமும் ஆணையரிடமும்தான் இருக்கிறது.

கிராமத்தில் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. 2020 ஜனவரியில் பொறுப்பேற்று, கொரோனாக் காலம் முழுக்க ஊரைப் பார்த்துக்கொண்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மாவட்டப் பிரிப்புக்குப் பின் 28 ஆகிவிட்ட அந்த மாவட்டங்களில் அதற்குள் தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.